வாடகை பிட்சருக்கு நாளைய வீரர்களைக் கொடுக்கலாமா? – பேஸ்பால் கேள்வி பதில்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஜூலை கடைசியை ஒட்டி வீரர் பரிமாற்றத்துக்கான (ட்ரேட்) கெடு முடிகிறது. அதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஒவ்வொரு ஜூலையிலும் இதே வாதம் நடக்கிறது. சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் தீர்ந்து கிளம்பிவிடப் போகிற பெரிய பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவருக்காக, கீழ்நிலையான மைனர் லீக்கில் வளர்த்த இரண்டு மூன்று பையன்களைத் தூக்கிக் கொடுப்பது சரியா? — த. சி., ஸ்கார்பரோ

சில அணிகளுக்குச் சரி, பல அணிகளுக்குத் தவறு. பிட்சரின் பெயரைப் பார்க்கும் முன் புள்ளிப்பட்டியலைப் பார்க்க வேண்டும். இரண்டு அணிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும்.

1998 ஜூலை 31 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் சியாட்டில் மரினர்ஸிடமிருந்து ராண்டி ஜான்சனை வாங்கியது. விலை: ஃப்ரெடி கார்சியா, கார்லோஸ் கியென், ஜான் ஹலாமா. ஜான்சன் 11 ஆட்டங்களைத் தொடங்கினார். 10 வெற்றி, 1 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை எர்ன்டு ரன் (ஃபீல்டர்களின் பிழையால் வராத ரன்) கொடுத்தார் என்பதைச் சொல்லும் ஈ.ஆர்.ஏ. 1.28. இதைவிட ஒருவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் ஹூஸ்டன் அந்த ஆண்டு 102 ஆட்டங்களை வென்று, இரண்டாம் இடத்துச் சிகாகோ கப்ஸை 12½ ஆட்டங்கள் பின்னால் விட்டது. ஜான்சன் வராமல் இருந்திருந்தாலும் முதலிடம் கைவிட்டுப் போயிருக்காது. அவரால் பயன் இருந்திருக்கக் கூடிய இடம் அக்டோபரில் நடக்கும் பட்டச் சுற்றான பிளே-ஆஃப் மட்டும்தான். அங்கே முதல் சுற்றில் சான் டியாகோவுக்கு எதிராக இரண்டு முறை வீசி, 14 இன்னிங்ஸில் 3 எர்ன்டு ரன்தான் கொடுத்தார். இரண்டு ஆட்டத்திலும் தோல்வி, ஏனென்றால் ஹூஸ்டன் பேட்டர்கள் இரண்டிலும் சேர்த்து எடுத்ததே 2 ரன். குளிர்காலத்தில் ஜான்சன் அரிசோனாவுக்குப் போய்விட்டார். சியாட்டில் 2001இல் 116 ஆட்டங்களை வென்றபோது கார்சியா, கியென், ஹலாமா மூவரும் அந்த அணியில் இருந்தார்கள். கார்சியாவுக்கு மட்டும் 18 வெற்றி.

இன்னொன்று 2008. மில்வாக்கி ப்ரூவர்ஸ் ஜூலை 7ஆம் தேதியே க்ளீவ்லாந்திடமிருந்து சி.சி. சபாத்தியாவை வாங்கியது. 17 ஆட்டங்கள், 11 வெற்றி, 2 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 1.65. அதில் 7 ஆட்டங்களை அவரே முழுக்க வீசி முடித்தார். மில்வாக்கி 90 வெற்றியோடு வைல்டு கார்டு இடத்தை, அதாவது டிவிஷனில் (லீக்குக்குள் இருக்கும் குழுவில்) முதலிடம் பெறாத அணிக்கான பிளே-ஆஃப் இடத்தைப் பிடித்தது. நியூயார்க் மெட்ஸுக்கு 89. ஒரே ஒரு ஆட்டம்! 1982க்குப் பிறகு அந்த ஊர் பிளே-ஆஃபையே பார்த்திருக்கவில்லை.

இரண்டு பிட்சர்களும் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் வீசினார்கள். ஆனால் ஒருவர் கொண்டுவந்த வெற்றிகள் ஏற்கெனவே நிரம்பிய பானையில் விழுந்தன, மற்றவருடையவை விளிம்புக்கு ஒரு விரல் குறைவாக இருந்த பானையில் விழுந்தன. ஆகவே முதல் கேள்வி இதுதான்: இன்னும் இரண்டு வெற்றி கூடுதலாக வந்தால் உங்கள் அணியின் இடம் மாறுமா? 86 முதல் 92 வெற்றிக்குள் முடியும் என்று தோன்றுகிற அணிக்குப் பெரும்பாலும் மாறும். 100 வெற்றியை நோக்கிப் போகும் அணிக்கும், 80இல் நிற்கப் போகும் அணிக்கும் மாறாது.

கேள்வி: பெரிய பிட்சர் ஒருவர் இரண்டு மாதத்தில் உண்மையிலேயே எத்தனை வெற்றி கூடுதலாகத் தருவார்? பத்துக்கு மேல் என்று நினைத்திருந்தேன். — ம. கு., எடிசன், நியூ ஜெர்சி

பிட்சரின் வெற்றிக் கணக்கில் பத்து ஏறலாம். அந்தப் பத்தில் பல, வேறு யார் வீசியிருந்தாலும் அணி வென்றிருக்கக்கூடிய ஆட்டங்கள். கூடுதல் வெற்றியைக் கணக்கிட ஒரு எளிய வழி உண்டு, ஒரு தாளும் பேனாவும் போதும்.

கெடு நாளில் ஓர் அணிக்கு ஏறக்குறைய 55 ஆட்டங்கள் மிச்சமிருக்கும். ஐந்து பேர் முறை வைத்து வீசுவதால் புதிய பிட்சருக்கு 11 ஆட்டம் கிடைக்கும். ஆட்டத்துக்கு 6 இன்னிங்ஸ் என்று வைத்தால் 66 இன்னிங்ஸ். அவர் வராவிட்டால் அந்த 66 இன்னிங்ஸை யார் வீசியிருப்பார்? பொதுவாக அணியின் ஐந்தாவது ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர்). அவருடைய ஈ.ஆர்.ஏ. 5.00 என்று கொள்வோம். 66ஐ 9ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் சுமார் 37 ரன். புதியவரின் ஈ.ஆர்.ஏ. 2.75 என்றால் சுமார் 20 ரன். மிச்சம் 17 ரன். மேஜர் லீக்கில் பத்து ரன் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு வெற்றிக்குச் சமம் என்பது நெடுங்காலமாகப் பயன்படும் கணக்கு. ஆக, 1.7 வெற்றி. நல்ல பிட்சர் ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ் அதிகம் நின்றால் ஆட்ட நடுவில் மாற்றாக வந்து வீசும் ரிலீவர்கள் தோளுக்கும் ஓய்வு கிடைக்கும். அதையும் சேர்த்து 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

இதில் பெரும்பாலோர் சறுக்கும் இடம், யாருக்குப் பதிலாக வருகிறார் என்பது. உங்கள் ஐந்தாவது ஆளே 4.20 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்தால் மிச்சம் 11 ரன்னுக்குள் வந்துவிடும், ஒரு வெற்றிதான். அந்த ஒரு வெற்றிக்கு முதல்தர இளம் வீரர் ஒருவரைக் கொடுப்பது வீண்.

இதே கணக்கை சபாத்தியாவுக்குப் போட்டுப் பாருங்கள். 130⅔ இன்னிங்ஸ், 1.65. ஐந்தாவது ஸ்டார்ட்டரோடு ஒப்பிட்டால் 48 ரன் மிச்சம், கிட்டத்தட்ட 5 வெற்றி. இவ்வளவு வர இரண்டு காரணம். அவர் ஆட்டத்துக்கு ஏழே முக்கால் இன்னிங்ஸ் நின்றார். மில்வாக்கி கெடுவுக்காகக் காத்திராமல் மூன்று வாரம் முன்பே வாங்கியதால் கூடுதலாக ஐந்து ஆட்டம் கிடைத்தது. வாங்குவது என்று முடிவெடுத்த அணி ஜூலை முதல் வாரத்திலேயே வாங்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். விலை கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். ஆனால் ஒவ்வொரு வாரத் தாமதத்துக்கும் ஓர் ஆட்டத்துக்கு மேல் போய்விடுகிறது.

கேள்வி: 1987இல் டெட்ராய்ட் டைகர்ஸ் ஜான் ஸ்மோல்ட்ஸை விட்டுக் கொடுத்ததைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். அது அவ்வளவு பெரிய தவறா? — ரா. வே., நோவை, மிச்சிகன்

தவறு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அன்றைய தகவல்களை வைத்துப் பாருங்கள். ஸ்மோல்ட்ஸ் மிச்சிகன் மண்ணின் பையன், 1985 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 22ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். 20 வயதில் மைனர் லீக்கின் டபுள்-ஏ நிலையில் 4 வெற்றி, 10 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.68. பந்தில் வேகம் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. இந்தப் பையனைக் கொடுத்து ஆகஸ்ட் 12 அன்று அட்லாண்டாவிடமிருந்து வாங்கியது, 36 வயது டாயில் அலெக்சாண்டரை. அவர் 11 ஆட்டங்களில் 9 வெற்றி, தோல்வியே இல்லை, ஈ.ஆர்.ஏ. 1.53. மேலே சொன்ன கணக்கில் 3 வெற்றிக்கு மேல் வரும். டெட்ராய்ட் தன் டிவிஷனை டொரன்டோவுக்கு 2 ஆட்டம் முன்னால் வென்றது. கடைசி வார இறுதியில் டொரன்டோவை நேருக்கு நேர் சந்தித்து மூன்று ஆட்டத்தையும் ஒவ்வொரு ரன் வித்தியாசத்தில் எடுத்தார்கள். அதில் முதல் ஆட்டம் அலெக்சாண்டருடையது. அவர் இல்லாமல் அந்த டிவிஷன் இல்லை.

பிறகு பிளே-ஆஃபில் மின்னசோட்டாவிடம் அலெக்சாண்டர் இரண்டு ஆட்டத்திலும் அடி வாங்கினார், டெட்ராய்ட் வெளியேறியது. ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவில் 1996இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கி, 213 வெற்றி, 154 சேவ் (முன்னணியைக் காத்து ஆட்டத்தை முடித்துவைத்தவை) என்று முடித்து 2015இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். இந்த முடிவை வைத்துக்கொண்டு அந்த ஆகஸ்ட் மாதத் தீர்ப்பைக் குறை சொல்வது நியாயமில்லை. டெட்ராய்ட் செய்திருக்கக்கூடியது ஒன்று உண்டு. தோல்வி எண்ணிக்கையையும் ஈ.ஆர்.ஏ.வையும் விட்டுவிட்டு, பையனின் தோளும் பந்தின் வேகமும் என்ன சொல்கின்றன என்று பார்த்திருக்கலாம். டபுள்-ஏயில் தன் வயதுக்கு மூத்த பேட்டர்களோடு மோதுகிற 20 வயது பிட்சரின் தோல்விக் கணக்குக்குப் பெரிய அர்த்தம் கிடையாது.

உண்மையான தவறு எது என்று கேட்டால், 1990 ஆகஸ்ட் கடைசியில் பாஸ்டன் செய்ததைச் சொல்வோம். லாரி ஆண்டர்சன் என்ற ரிலீவரை ஒரு மாதத்துக்காக வாங்கி ஜெஃப் பாக்வெல்லைக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் நன்றாகத்தான் வீசினார், ஆனால் 22 இன்னிங்ஸ்தான். ஒரு ரிலீவர் ஒரு மாதத்தில் அரை வெற்றி கூடத் தருவது கடினம். பாக்வெல் மறு ஆண்டே நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம், 1994இல் எம்.வி.பி., அதாவது லீக்கின் மதிப்புமிக்க வீரர். விலையும் பொருளும் பொருந்தவே இல்லை.

கேள்வி: எந்த இளம் வீரரைக் கொடுக்கலாம், யாரைத் தொடக் கூடாது? பொது மேலாளர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? — எஸ். கே., ஹூஸ்டன்

இளம் வீரரின் மதிப்பு, அவர் மேஜர் லீக்கில் ஆடத் தொடங்கிய பின் அணியின் கையில் இருக்கும் ஆண்டுகளில்தான் இருக்கிறது. மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு சேவை ஆண்டு. ஆறு சேவை ஆண்டு முடிந்தால்தான் வீரர் சுதந்திரமாக வேறு அணிக்குப் போக முடியும். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே போகும். 2025இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்றில் நடுவர் தீர்ப்பு முறையில் சம்பளம் படிப்படியாக ஏறும். வெளிச்சந்தையில் இரண்டு கோடி டாலருக்கு விலை போகும் ஆட்டத்தைச் சில லட்சங்களுக்கு ஆடித் தரும் அந்த ஆண்டுகளைத்தான் நீங்கள் இரண்டு மாதத்துக்காகக் கொடுக்கிறீர்கள். பட்டியலில் அவர் எத்தனையாவது இடம் என்பது இரண்டாம்பட்சம்.

இனி, யாரைக் கொடுக்கலாம்?

முதலில், உங்கள் அணியில் முன்னால் வழி அடைபட்டிருப்பவரை. 2016இல் சிகாகோ கப்ஸ் அரோல்டிஸ் சாப்மனுக்காக யாங்கீஸிடம் க்ளேபர் டோரஸைக் கொடுத்தபோது அவர் 19 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்). கப்ஸிடம் அப்போது அடிசன் ரஸலும் ஹாவியர் பையஸும் அந்த இடங்களுக்கு இருந்தார்கள். டோரஸ் பின்னாளில் ஆல்-ஸ்டார் ஆனார். அது தெரிந்தே கொடுத்த விலை. பதிலுக்கு 1908க்குப் பிறகு முதல் உலகத் தொடர் பட்டம் கிடைத்தது. அந்த ஊர்க்காரர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், திரும்பவும் அதையே செய்வோம் என்பார்கள்.

அடுத்து, நவம்பரில் 40 பேர் பட்டியலில் இடம் தேடுகிறவரை. இதை வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதே இல்லை. 18 வயது அல்லது அதற்குக் கீழ் ஒப்பந்தமானவர்களை ஐந்தாவது சீசனுக்குப் பிறகும், 19 வயதிலோ அதற்கு மேலோ வந்தவர்களை நான்காவது சீசனுக்குப் பிறகும் 40 பேர் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் ரூல்-5 டிராஃப்டில் வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துப் போய்விடும். பட்டியலில் நான்கு இடம், காத்திருப்போர் ஏழு பேர் என்றால் மூன்று பேரை எப்படியும் இழக்கப் போகிறீர்கள். அவர்களை ஜூலையிலேயே ட்ரேடில் வைப்பது கெட்டிக்காரத்தனம். விற்கும் அணிக்குப் பட்டியலில் இடம் தாராளமாக இருக்கும் என்பதால் அதே மூவர் அவர்களுக்கு மதிப்புள்ளவர்கள்.

இன்னொன்று பிட்சர்கள். இளம் பேட்டரையும் இளம் பிட்சரையும் ஒரே தரம் என்று ஸ்கவுட்டுகள் மதிப்பிட்டால் பிட்சரைக் கொடுங்கள். முழங்கை ஆபத்து கூடவே வருகிறது. 2016இல் பாஸ்டன் ட்ரூ பாமரன்ஸை வாங்கியபோது ஆண்டர்சன் எஸ்பினோசாவைக் கொடுத்ததற்காகத் திட்டு வாங்கியது. 18 வயதில் லீக்கின் மிகச் சிறந்த இளம் பிட்சர்களில் ஒருவர் என்று பேசப்பட்டவர். அவருக்கு இரண்டு முறை டாமி ஜான் என்ற முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை ஆயிற்று, மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆட 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாமரன்ஸ் 2017இல் பாஸ்டனுக்கு 17 ஆட்டம் வென்று கொடுத்தார்.

தொடக் கூடாதவர்கள்: ஓராண்டுக்குள் உங்கள் அணியில் காலியாகப் போகும் இடத்துக்குத் தயாராக இருப்பவர், நடுக்களத்தில் நன்றாகத் தடுத்தாடவும் பேட் பிடிக்கவும் தெரிந்த கேட்சர் அல்லது ஷார்ட்ஸ்டாப். இவர்களைக் கொடுத்தால் அடுத்த வசந்தத்தில் அதே இடத்துக்குச் சந்தையில் பல கோடி கொட்ட வேண்டி வரும்.

கேள்வி: ட்ரேடில் வந்த பிட்சர் சீசன் முடிந்து போய்விட்டால் அணிக்கு டிராஃப்ட் வாய்ப்பு ஈடாகக் கிடைக்குமா? — பெ. அ., சான் ஹோசே

இப்போது கிடைக்காது. ஈடு பெற வேண்டுமானால் அணி அவருக்கு குவாலிஃபையிங் ஆஃபர் (நிர்ணயித்த தொகைக்கு ஓராண்டு ஒப்பந்த அழைப்பு) கொடுக்க வேண்டும். சீசன் நடுவில் வந்தவருக்கு அதைக் கொடுக்க முடியாது என்பது 2012 முதல் விதி. முன்பு கிடைத்தது. சபாத்தியா 2008 டிசம்பரில் 16.1 கோடி டாலருக்கு யாங்கீஸிடம் போனபோது மில்வாக்கிக்கு இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகள் வந்தன. ஆகவே 2012க்கு முந்தைய ட்ரேடுகளை எடுத்துக்காட்டாகக் காட்டி இன்றைய விலையைப் பேசினால் கணக்கு பிசகும். வாங்குபவரின் கையில் இப்போது மிஞ்சுவது எதுவும் இல்லை.

கேள்வி: 2015இல் எங்கள் ப்ளூ ஜேஸ் டேவிட் பிரைஸை வாங்கினார்கள். பட்டம் வரவில்லை, அவரும் பாஸ்டனுக்குப் போய்விட்டார். அதை எந்தக் கணக்கில் வைப்பது? — க. ந., மார்க்கம்

வரவில் வையுங்கள். டெட்ராய்ட்டுக்குக் கொடுத்தது டேனியல் நாரிஸ், மாட் பாய்ட், ஹைரோ லபோர்ட் என்ற மூன்று இடக்கை பிட்சர்கள். பாய்ட் பல ஆண்டு உருப்படியாக வீசினார், ஆனால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் டொரன்டோ ஏங்கும்படி யாரும் ஆகவில்லை. பிரைஸ் 11 ஆட்டத்தில் 9 வெற்றி, 1 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.30. டொரன்டோ யாங்கீஸை 6 ஆட்டம் பின்னால் விட்டு, 1993க்குப் பிறகு முதல் முறையாக பிளே-ஆஃப் போனது. 22 ஆண்டுக் காத்திருப்புக்கு அது மலிவு.

குறை இருந்தது அக்டோபரில் அவரைப் பயன்படுத்திய விதத்தில். டெக்சஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் டொரன்டோ 7–1 என்று முன்னணியில் இருந்தபோதே ஐந்தாவது இன்னிங்ஸில் ஆர்.ஏ. டிக்கியை எடுத்துவிட்டு பிரைஸை ரிலீவராக இறக்கினார்கள். அவர் மூன்று இன்னிங்ஸ் வீசினார். அடுத்து வந்த, வென்றே ஆக வேண்டிய ஐந்தாவது ஆட்டத்தில் அவர் கை இல்லை. மார்கஸ் ஸ்ட்ரோமன் காப்பாற்றிவிட்டார் என்பதால் பலருக்கு இது மறந்துபோயிற்று. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவரை ஆறு ரன் முன்னணிக்குக் காவல் வைப்பது எங்களுக்கு இன்றுவரை ஏற்கவே முடியாத முடிவு.

கேள்வி: வாங்கும் முன் பிட்சரிடம் எதையெல்லாம் சோதிக்கிறார்கள்? வாங்கியபின் எங்கே கெட்டுப்போகிறது? — ஜெ. பா., சார்லட்

ஈ.ஆர்.ஏ.வை மட்டும் பார்த்து யாரும் வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. அதில் மைதானத்தின் அளவும், பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் தரமும் கலந்திருக்கின்றன. ஸ்ட்ரைக்-அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது), வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டருக்கு முதல் தளம் இலவசமாகப் போவது) இரண்டின் விகிதம் பிட்சருக்கே சொந்தமானது, முதலில் அது. அடுத்து, கடந்த ஆறு ஆட்டங்களில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம். ஏப்ரலில் மணிக்கு 95 மைல், ஜூலையில் 93 என்றால் தோளிலோ முழங்கையிலோ ஏதோ ஒன்று சொல்லாமல் நடக்கிறது. பந்து விடும் இடம் முன்பைவிட இறங்கியிருக்கிறதா என்பதும் அதே கதையைச் சொல்லும். சென்ற ஆண்டு எத்தனை இன்னிங்ஸ், இந்த ஆண்டு இதுவரை எத்தனை என்று கூட்டிப் பார்க்க வேண்டும், அக்டோபருக்குள் இன்னும் 80, 90 சேரப் போகிறது.

மருத்துவப் பதிவேடுகளை இரு அணிகளும் பரிமாறிக்கொண்ட பிறகுதான் ட்ரேட் உறுதியாகும். இதில் மறைத்தால் தண்டனை உண்டு. பாமரன்ஸ் ட்ரேடில் முழு மருத்துவ விவரத்தையும் தரவில்லை என்று சான் டியாகோவின் பொது மேலாளர் ஏ.ஜே. ப்ரெல்லரை லீக் 30 நாள் சம்பளமின்றி இடைநீக்கம் செய்தது.

கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஓய்வு நாட்களில்தான். பிட்சர் நான்கு நாள் ஓய்வெடுத்து ஐந்தாம் நாள் வீசப் பழகியவர். "எப்படியும் போய்விடப் போகிறவர்தானே" என்று வாங்கிய அணி அவரைப் பிழிகிறது. சபாத்தியா 2008 செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் ஓய்வில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் வீசி மில்வாக்கியை பிளே-ஆஃபுக்குள் கொண்டுபோனார். நான்காவதாக அதே குறைந்த ஓய்வில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக இறங்கியபோது ஷேன் விக்டோரினோவிடம் ஒரே அடியில் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் வாங்கி, 3⅔ இன்னிங்ஸில் 5 ரன்னோடு வெளியேறினார். 2021இல் டாட்ஜர்ஸுக்கு வந்த மாக்ஸ் ஷெர்சர் 11 ஆட்டத்தில் 7 வெற்றி, தோல்வியில்லை, ஈ.ஆர்.ஏ. 1.98. அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தை முடித்துவைக்க ரிலீவராக வந்தார். அடுத்த தொடரில் கை சோர்ந்து, அட்லாண்டாவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் இறங்கவே முடியவில்லை. டாட்ஜர்ஸ் அன்று தோற்று வெளியேறியது.

கேள்வி: சம்பளத்தை யார் கொடுப்பார்கள்? — வி. மீ., டல்லஸ்

மிச்சமிருக்கும் நாட்களுக்கான சம்பளம் வாங்கும் அணியுடையது, வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாவிட்டால். விற்பவர் பணத்தை ஏற்றுக்கொண்டால் அதற்கு ஈடாகச் சிறந்த பையனைக் கேட்பார். உங்கள் ஊரிலேயே நடந்தது: 2023இல் மெட்ஸ் ஷெர்சரின் சம்பளத்தில் சுமார் 3.5 கோடி டாலரைத் தானே சுமந்து அவரை டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பி, லூயிசாங்கெல் அகூன்யாவை வாங்கிக்கொண்டது. அதே வாரம் ரேஞ்சர்ஸ் செயின்ட் லூயிஸிடமிருந்து வாங்கிய ஜோர்டன் மான்ட்கோமரிதான் அசல் வாடகை பிட்சர், சீசனோடு ஒப்பந்தம் தீர்ந்தவர். அந்த அக்டோபரில் அணி தன் முதல் உலகத் தொடரை வென்றதில் அவர் பங்கு ஷெர்சரைவிடப் பெரியது. பெயர் பெரியவருக்கே அதிக விலை போகிறது, வேலை செய்பவர் சில சமயம் அடுத்த வரிசையில் நிற்பவர்.

அணியின் மொத்தச் சம்பளத்துக்கான ஆடம்பர வரி வரம்பையும் மறக்கக் கூடாது. 2025இல் அது 24.1 கோடி டாலர். வரம்பைத் தாண்டிய அணி, தாண்டிய தொகையில் முதல் முறை 20 சதவீதமும், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 50 சதவீதமும் வரியாகக் கட்ட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் 2023இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் செய்தது? — அதே வாசகர்

எப்போது வாங்கக் கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஷோஹெய் ஓதானிக்கு அது ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. அவர் இருக்கும்போதே பிளே-ஆஃப் போய்விட வேண்டும் என்ற தவிப்பு புரிந்துகொள்ளக்கூடியது. வைல்டு கார்டு இடத்துக்குச் சில ஆட்டங்கள் பின்தங்கி, நடுவில் பல அணிகள் நிற்கும்போது, எட்கர் கேரோ என்ற இளம் கேட்சரையும் கை புஷ் என்ற பிட்சரையும் கொடுத்து சிகாகோ வைட் சாக்ஸிடமிருந்து லூகாஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபஸையும் வாங்கினார்கள். ஜியோலிட்டோ 6 ஆட்டம் வீசினார், ஈ.ஆர்.ஏ. 6.89. ஓதானிக்கு முழங்கைத் தசைநார் கிழிந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் வரிச்சுமையைக் குறைக்க அதே ஜியோலிட்டோவையும் லோபஸையும் வெய்வரில் (பிற அணிகள் கோரி எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியலில்) விட, க்ளீவ்லாந்து சும்மா எடுத்துக்கொண்டது. அணி 73 வெற்றி, 89 தோல்வியோடு முடித்தது. பின்தங்கிய ஆட்டங்களின் எண்ணிக்கையைவிட, தாண்ட வேண்டிய அணிகளின் எண்ணிக்கை முக்கியம். ஓர் அணியைத் தாண்ட அது தோற்றால் போதும். நான்கு அணியைத் தாண்ட நான்கும் ஒரே நேரத்தில் தோற்க வேண்டும்.

கேள்வி: டிவிஷனை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் அணி அக்டோபருக்காக மட்டும் வாங்குவது எப்போதுமே வீணா? கேன்சஸ் சிட்டி ஜானி குவேட்டோவை வாங்கியது பலித்ததே? — ஹு. ம., சிகாகோ

பலித்தது. 2015இல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் தன் டிவிஷனை 12 ஆட்ட வித்தியாசத்தில் வென்றது. அதற்கு குவேட்டோ தேவையே இல்லை. சொல்லப்போனால் அவர் 4 வெற்றி, 7 தோல்வி, 4.76 என்று சுமாராகத்தான் வீசினார். அக்டோபரில் ஹூஸ்டனுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் 8 இன்னிங்ஸ், 2 ஹிட். டொரன்டோவில் 2 இன்னிங்ஸில் 8 ரன். பிறகு உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் மெட்ஸுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி 2 ஹிட் மட்டும். ஒரே மனிதர், ஒரே மாதம். நான்கைந்து ஆட்டங்களில் இப்படித்தான் ஏறி இறங்கும், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2017இல் டாட்ஜர்ஸ் வாங்கிய யூ டார்விஷ் உலகத் தொடரின் மூன்றாவது, ஏழாவது ஆட்டங்களில் தலா 1⅔ இன்னிங்ஸ்தான் தாக்குப்பிடித்தார்.

ஆகவே அக்டோபருக்காக மட்டும் வாங்குவது சூதாட்டம்தான். ஆனால் கேன்சஸ் சிட்டிக்கு ஆடக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் தோற்றவர்கள். அவர்களின் முக்கிய பேட்டர்களான எரிக் ஹாஸ்மர், மைக் முஸ்டாகஸ், லொரென்சோ கேன் மூவரின் ஒப்பந்தமும் 2017ஓடு முடியவிருந்தது. சிறிய ஊர், எல்லாரையும் திரும்ப வாங்கப் பணம் இல்லை. அந்த மூன்று ஆண்டு வாசல் மூடிய பின் கையில் இருக்கும் இளம் பிட்சர்களால் அவர்களுக்குப் பெரிய பயன் இருந்திருக்காது. ஆண்டுதோறும் போட்டியில் இருக்கும் வசதியுள்ள அணிக்கு இந்த நியாயம் பொருந்தாது.

கேள்வி: "பின்னர் பெயர் சொல்லப்படும் வீரர்" என்று ட்ரேடில் வருகிறதே, அது என்ன? — சு. ரா., ஆஸ்டின்

ட்ரேடின் ஒரு பகுதியை ஆறு மாதத்துக்குள் முடிவு செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு. வாங்கும் அணி ஒரு பட்டியலைக் கொடுக்கும், விற்கும் அணி அந்தப் பையன்களைச் சில மாதம் நேரில் பார்த்துவிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். விற்பவர்களுக்கு நாங்கள் சொல்வது, இதை அலட்சியமாக எண்ண வேண்டாம் என்பதுதான். சபாத்தியா ட்ரேடில் எல்லார் கண்ணும் மாட் லபோர்ட்டா என்ற பேட்டர் மீது இருந்தது. மில்வாக்கி பிளே-ஆஃப் போனால் கடைசி வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தனக்கு என்று க்ளீவ்லாந்து பேசி வைத்திருந்தது. மில்வாக்கி போயிற்று, அவர்கள் மைக்கேல் பிரான்ட்லியைக் கேட்டார்கள். லபோர்ட்டா மேஜர் லீக்கில் நிலைக்கவில்லை. பிரான்ட்லி க்ளீவ்லாந்துக்குப் பத்து சீசன் ஆடி ஆல்-ஸ்டாரும் ஆனார்.